பங்காளிக்குப் பக்கத்து வரிசை

"நீ பாத்துச் சொல்லு" என்று இளையவளிடம் சொல்லிவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் இரண்டு பேர் நின்றாலே முழங்கை இடிக்கும். நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள், ரத்தத்தின் டிஎன்ஏ கோடு கோடாகப் பிரிந்து நிற்கும் உள்ளங்கை அகல ஜெல் துண்டு.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. இளையவளுக்கு அடுத்த மேசையில் வேலை பார்ப்பவள். ஆய்வுக்கூடம் மொத்தத்துக்கும் அக்கா. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு, விரல் நீள முடியோடு இந்த மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள்.

இன்று ஜெல்லில் ஓடியிருப்பது அவளுடைய ரத்தம். நோயின் கோடு வராவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் முதலிலிருந்து.

வராவிட்டாலும் யார் நம்புவார்கள்? பரிசோதனையைச் செய்த இளையவளுக்கு அந்தக் கவலை.

ஜெல்லில் ஏற்றும் முன் டிஎன்ஏவைக் குழாய்க்குள் நகலெடுப்பது பாலிமரேஸ் என்ற நொதி. பழைய டிஎன்ஏ இழையைப் பார்த்துப் பார்த்து, எதிரே பொருந்தும் எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகும். கெட்டிக்கார நொதிதான். ஆனால் கோக்க வேண்டிய நான்கு எழுத்துகளையும் நாம்தான் போட்டுத் தொலைக்க வேண்டும்.

போன வருடம் ஒருநாள் அவள் போட மறந்தாள். நொதி நாள் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. ஜெல்லில் எல்லா வரிசையும் காலி. அன்றிலிருந்து அவளைப் பார்த்து "சாப்பிட்டியா" என்று கேட்க வேண்டியவர்களெல்லாம் "எழுத்து போட்டியா" என்று கேட்கிறார்கள்.

அன்று மானத்தைக் காப்பாற்றியது பங்காளி.

முதல் வரிசையில் எப்போதும் நோயுள்ள பழைய ரத்தம் ஒன்று ஓடும். அதில் கோடு விழுந்தால்தான் மற்ற வரிசைகளின் வெறுமையை நம்பலாம். அன்று அதுவும் காலியாக இருந்ததால்தான் தவறு பிடிபட்டது. எந்தப் பரிசோதனை என்றாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்வதால் அதற்குப் பங்காளி என்று பெயர். யாருடைய ரத்தம் என்று அவளுக்குத் தெரியாது. குழாயில் எண் மட்டும்தான் இருக்கும்.

அவள் பெட்டியின் விளக்கைப் போட்டாள்.

பங்காளி வந்திருந்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேலே உள்ளது எல்லோருக்கும் இருப்பது. கீழே உள்ளது நோய்.

பக்கத்து வரிசையில் மேல்கோடு பளிச்சென்று நின்றது. ரத்தமும் விழுந்திருக்கிறது, நொதியும் எழுத்தைக் கோத்திருக்கிறது.

கீழே ஒன்றுமில்லை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

"உங்க வரிசையில வரலக்கா."

"எழுத்து போட்டியா?" அக்கா சுவரைப் பார்த்தே கேட்டாள்.

"போட்டேன்க்கா."

ஒரு வருடமாக எரிச்சலூட்டிய கேள்விக்கு அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொன்னதே இல்லை. தெருவுக்கு ஓடிப்போய் இன்னொரு முறை சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மருந்து நல்ல செல்களின் டிஎன்ஏவையும்தான் கிழித்துப் போட்டிருந்தது. அக்காவின் உடம்புக்குள் இதே இனத்து நொதிகள் ஒருநாள்கூட லீவு போடாமல் கெட்ட எழுத்து இருந்த இடத்தில் நல்ல எழுத்தை வைத்து அடைத்துக்கொண்டிருந்திருக்கும். அந்த விரல் நீள முடியைப் பார்த்தாலே தெரிந்தது.

அக்கா மெல்லத் திரும்பினாள். தன் வரிசையை அவள் பார்க்கவில்லை. குனிந்து, பங்காளிக்கு நேராகக் கண்ணாடியைச் சுண்டினாள்.

"என்ன பங்காளி, தனியாளாயிட்டியா?"

இளையவளுக்குப் புரியவில்லை.

"பழைய பங்காளி தீந்துபோச்சுன்னு எல்லாரும் முழிச்சிட்டு நின்னீங்களே, நான் மருந்து ஏத்த லீவு போட்ட வாரம். அப்ப பேர் எழுதாம ஒரு குழாய் ரத்தம் வச்சிட்டுப் போனேன்."

அவள் ஜெல்லைப் பார்த்தாள். இத்தனை மாதமும் தினம் தினம் தன் கையாலேயே முதல் வரிசையில் ஊற்றியிருக்கிறாள்.

கோடு விழுந்ததும் அக்கா. பக்கத்தில், விழாததும் அக்கா.