அப்பாவுக்கு விட்ட சொல்

மறுபடியும் சின்னச் சொல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கைபேசித் திரையில் ஆறு ஆங்கில எழுத்துகள். ஆர், இ, டி, யூ, இன்னொரு ஆர், என். அவற்றுக்குள்ளிருந்து இருவரும் மாறி மாறி ஒரு சொல் எடுக்க வேண்டும். ஆறையும் சேர்த்துப் பெரிய சொல்லை எடுப்பவருக்கு ஆட்டம்.

தாசில்தாராக ஓய்வு பெற்றபின் அவர் தமக்கு அனுமதித்துக்கொண்ட ஒரே கேளிக்கை இது. காலையில், காபிக்குப் பிறகு, முகம் தெரியாத யாரோடாவது. எதிரே ஆடுகிறவர்கள் பூவென்றும் புலியென்றும் பெயர் வைத்துக்கொள்வார்கள். அவர் மட்டும் தம் பெயரை இனிஷியலோடு முழுதாகப் போட்டிருந்தார். ஒளிந்து விளையாடுவது அவர் வழக்கமில்லை.

இன்றைக்கு எதிரே ஆடுவது ஏதோ ஒரு குருவி.

காலையிலிருந்து ஒரே கதைதான். குருவி சின்னச் சின்னதாகப் பொறுக்குகிறது. பெரியதைத் தொடுவதில்லை.

தெரியாமல் இல்லை. விட்டுவைக்கிறது.

உலகத்தில் அப்படி ஆடுகிறவள் ஒருத்திதான். பள்ளிக்கூடம் போகுமுன் செய்தித்தாளை விரித்துவைத்து அவரோடு எழுத்து பொறுக்கியவள். பெரிய சொல்லைத் தான் எடுத்துவிட்டால் அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது என்று தானாகவே கண்டுபிடித்தவள்.

"அது உங்களுக்குப்பா" என்பாள்.

அவருடைய விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது.

வாசலில் கார் நின்றது. தம்பி மாசிலாமணியும் அவன் கூட்டிவந்த ஆட்களும் நேற்று முழுக்கத் திருப்பூர்ப் பக்கம் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். டிக்கியில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஊர் மட்டும் தெரிந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தம்பி அவர் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் நிறைமதி, குடும்பத்தார் வேண்டாமென்று மறுத்த ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். உறவு கூடிய சபையில், எனக்கு மகள் இல்லை என்று அவர்தான் முதலில் சொன்னார். நிமிர்ந்து நின்று சொன்னார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற வம்சமில்லை அவருடையது.

இல்லாத ஒருத்தியை எதற்கடா தேடுகிறாய் என்று தம்பியைக் கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை.

குருவியின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் ஊர். ராணிப்பேட்டை. ஆட்டம் தானாகப் போட்டுக்கொள்வது அது. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

தன் ஊர் தன் திரையில் தெரியாது. எதிரே ஆடுகிறவருக்குத் தெரிகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பெரிய சொல் அவர் கண்ணில் எப்போதோ பட்டுவிட்டது. ஆறு எழுத்தும் அடங்கி உட்காரும் சொல்.

திரும்பி வா என்று பொருள்.

எழுத்துகளைக் கலைத்துப் போட்டது இயந்திரம். ஆனால் அந்தச் சொல்லை அவருக்கென்று விட்டுவைத்தது அவள்.

சொன்னால் வந்துவிடுவாள்.

அவர் சொல்லை நம்பி வந்துவிடுவாள்.

வாசலில் யாரோ டயரை உதைத்துப் பார்த்தார்கள்.

அவர் அதே எழுத்துகளுக்குள் இன்னொரு சொல்லைத் தேடினார். இத்தனை காலம் அப்படித் தேடியதில்லை. வழி தவறியவன் வழி தேடுவதுபோலத் தேடினார். கிடைத்தது. மூன்றே எழுத்து.

ஓடு என்று பொருள்.

வைத்தார்.

"என்னண்ணே, ரன்னா?"

தம்பி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான்.

"கிரிக்கெட்டுல இறங்கிட்டீங்களா? இதுக்கு எத்தன பாயின்ட் குடுப்பான்?"

மூன்று என்றார்.

"மூணுக்கு ஆடுற ஆளாண்ணே நீங்க" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்தான். பெரிய எழுத்தில் தொடங்கிய அவன் பார்வை பொடி எழுத்துக்கு வந்தது.

அங்கேயே நின்றது.

"ராணிப்பேட்டையில நமக்கு யாருண்ணே?"

வரப்புத் தகராறு என்றால் இரண்டு கட்சியும் அவரையே சாட்சிக்கு அழைக்கும். அவர் வாயில் பொய் வராது என்பது ஊரறிந்தது. நிலபுலனைவிட அதைத்தான் குடும்பத்தின் சொத்து என்று அவர் நினைத்திருந்தார்.

"கூட வேல பாத்தவர்" என்றார். "ரிட்டயர் ஆயிட்டார்."

முதுகு வளையவில்லை. குரல்தான் அவருடையதாக இல்லை.

தம்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் முகம். அதில் இதுவரை இல்லாத ஒன்றைப் பார்த்தவன்போல் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரிண்ணே" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நீங்க ஆடிட்டு இருங்க. நாங்க ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றோம்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை.

கார்க் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

அடுப்படிக் கதவு திறந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.

பச்சைப் புள்ளி அணையவில்லை. குருவியும் பதிலுக்கு ஒரு மூன்றெழுத்துச் சொல்லைப் பொறுக்கி வைத்திருந்தது.

வலை என்று பொருள்.

பெரிய சொல்லை இப்போதும் தொடவில்லை.

அது அப்பாவுக்கு.