வராத புயல்

"எழுதி வெச்சுக்குங்க. இந்தப் புயல் நம்ம பக்கம் வராது. டெக்சாஸ் பக்கம் திரும்பிடும்."

லூசியானா கடற்கரையில் இறால் படகு ஓட்டியே நரைத்தவர் அல்சீட். காபிக் கடையில் அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு என்பது அவருடைய எண்ணம்.

"டிவியில ஊரைக் காலி பண்ணச் சொல்றாங்களே அண்ணே?" என்றாள் கடைக்காரி ஒடீல்.

"டிவிக்காரன் கடலைப் பாத்திருக்கானா? நான் ஒரு அடி நகர மாட்டேன்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். காபியை அவசரமாக விழுங்கிவிட்டு அவரவர் எழுந்து போனார்கள். அல்சீட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், மனைவி நொயெலி பெட்டியோடு காரில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வர்றதுன்னா வாங்க. இல்லைன்னா இங்கேயே நீச்சலடிங்க."

அல்சீட் கடலைப் பார்த்தார். அதன் நிறம் அவருக்கே பிடிக்கவில்லை.

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைத்தெருப் பக்கமே போகாமல், பின்சாலை வழியாகக் காரை விட்டார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. புயல் லூசியானா கரையை நோக்கித்தான் வருகிறது என்றது ரேடியோ.

அல்சீட் சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

"என் பேச்சை நம்பி எல்லாரும் வீட்டுலயே இருப்பாங்களே நொயெலி! ஒடீலுக்கு வேற சின்னச் சின்னப் புள்ளைங்க..."

"அப்புறம் என்ன யோசனை? திருப்புங்க காரை!"

ஊருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. அல்சீட் வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டினார்.

"நான் சொன்னது தப்பு! புயல் வருது! கிளம்புங்க!"

'தப்பு' என்ற வார்த்தையை அந்த வாய் சொன்னது அன்றுதான். கேட்கத்தான் ஆளில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லா ஜன்னலுக்கும் பலகை அடித்திருந்தது.

கடைசியாகத் தன் தெருவுக்குள் திரும்பினார். அவர் வீட்டு வாசலில் ஒடீல், முட்டிவரை நனைந்தபடி, கதவை உடைக்காத குறையாக இடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னும் போகலியாம்மா? புள்ளைங்க எங்க? ஊரு சனமெல்லாம் எங்க?"

"என் புள்ளைங்களோட எல்லாரும் காலையிலேயே கிளம்பியாச்சு. நீங்க வராதுன்னு சொன்ன புயல் எது அண்ணே வராம இருந்திருக்கு? உங்க பேச்சை நம்பி நீங்க ஒருத்தர் மட்டும் இங்கேயே இருந்துடுவீங்களேன்னுதான் இழுத்துட்டுப் போகத் திரும்பி வந்தேன்!"