ஐந்தாம் எண்

வெள்ளத்தில் கைபேசிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. மீட்புக் குழுவின் நான்கு படகுகளுக்கும் வாக்கி டாக்கிதான் துணை. அதற்குக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பொத்தானை அழுத்திப் பேசினால் பேச்சு நேரே அடுத்த கருவிக்குப் போய்விடும். விரலை எடுத்தால்தான் பதில் கேட்கும்.

காலை பத்து மணிக்கு, முதல் படகிலிருந்த குழுத் தலைவி மற்றவர்களை வரிசையாக எண் சொல்லச் சொன்னாள். இரண்டு, மூன்று, நான்கு என்று பதில் வந்தது.

"அஞ்சு," என்றது ஓர் இளைஞனின் குரல். "அக்கா, அச்சகத்துக்குப் பின்னால மஞ்சள் வீடு. மொட்டை மாடியில மூணு பேர் இருக்காங்க. சீக்கிரம் வாங்க."

"யாருடா விளையாடுறது?"

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மனசு கேட்காமல் அவள் படகைத் திருப்பினாள்.

மாடியில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கருவி எதுவும் இல்லை. இரண்டு நாளாக யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்றார்கள்.

மூவரையும் ஏற்றிக்கொண்டு அவள் பொத்தானை அழுத்தினாள். "அஞ்சு, மூணு பேரும் பத்திரம். நீ எங்கப்பா இருக்கே? உன்னையும் கூட்டிட்டுப் போயிடறேன்."

விரலை எடுத்தாள். இரைச்சலுக்கு நடுவே அதே குரல் வந்தது.

"முதல்ல அவங்களைக் கரை சேர்த்துடுங்கக்கா. எனக்கு இனிமே அவசரமில்ல."