பக்கத்துப் பிரிண்டர்

கோமளாவின் மேசையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் பல வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒருநாள் அவள் வெளிநாட்டில் இருக்கும் மகளை வீடியோ காலில் கூப்பிடப் பார்த்தாள். பழைய சிஸ்டத்தில் இனி அது வேலை செய்யாது என்று திரையில் வந்தது. அவள் முகம் வாடியதைப் பார்க்கப் பிரிண்டருக்குப் பொறுக்கவில்லை.

"நீ புது சிஸ்டத்துக்கு மாறிக்கொள்ளக் கூடாதா?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டது.

"மாறலாம். ஆனால் என் ஞாபகம் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் அதைப் போட முடியுமாம். கோமளாவின் போட்டோக்களை வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிடலாம். உன்னை எதில் எடுத்து வைப்பேன்?" என்றது கம்ப்யூட்டர். "அதனால்தான் 'இப்போதே மாற்றவா?' என்ற அறிவிப்பை அவள் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டே வந்தேன்."

பிரிண்டர் கோமளாவைப் பார்த்தது. பிறகு, "நமக்காக அவள் மகளைப் பார்க்காமல் இருக்க வேண்டாம். காட்டிவிடு" என்றது.

கம்ப்யூட்டர் காட்டியது. கோமளா போட்டோக்களைப் பத்திரப்படுத்திவிட்டு, 'சரி' என்பதை அழுத்தினாள். திரை இருண்டு, மதியம் முழுக்க ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரிண்டர் தன் சின்ன விளக்கை அணைக்காமல் காத்திருந்தது.

சாயங்காலம் திரையில் மகளின் முகம் வந்தது. அம்மாவும் மகளும் ஆசை தீரப் பேசினார்கள். கோமளா எழுந்து போன பிறகு, கம்ப்யூட்டர் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்த்தது.

"வணக்கம். நான் இங்கே புதிது. நீங்கள் யார்?"

"பிரிண்டர்" என்றது அது. "பக்கத்தில்தான் இருக்கிறேன். என்ன வேண்டுமானாலும் கேள்."