கூப்பிடுகிறவர்

“அந்தாண்ட நின்னுக்கினு கூப்புடப் போறது யாரு டீச்சர்?” என்று கேட்டாள் கெங்கம்மாள்.

செயலாளர் சார்தான் என்றேன்.

திசை காட்டுவதற்காக நான் பிடித்திருந்த அவள் தோள் கட்டையாக இறுகியது.

எண்பத்து நான்காம் வருடம், விழுப்புரம் மைதானம், பார்வையற்ற பெண்களுக்கான ஓட்டம். ஒவ்வொருவராகத்தான் ஓட வேண்டும். ஐம்பது மீட்டர் தள்ளி ஒருவர் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் குரலைப் பார்த்து ஓட வேண்டியதுதான். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

கெங்கம்மாளுக்கு இருபது வயது. திண்டிவனத்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறாள். பயிற்சியில் அவள் வேகத்தை யாரும் தொட்டதில்லை. இன்று ஜெயித்தால் மதராஸ் போட்டி. தோற்றால் ஓட்டம் போதும் என்று பெருமுக்கல் கிராமத்திலிருந்து அவள் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

விசில் ஊதினார்கள். பார்வையற்றோர் சங்கச் செயலாளர் விருத்தாசலம் கூப்பிட ஆரம்பித்தார். ஊரே நல்ல மனிதர் என்று சொல்லும் மனிதர்.

ஓடினாள். நான் மூச்சு விடுவதற்குள் இருபது மீட்டர் போய்விட்டாள்.

பாதியில் நின்றாள்.

அவர் இன்னும் பலமாகக் கூப்பிட்டார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

போன வருடம் ஒருத்தி, ஓட்டம் முடிந்த பிறகும் நிற்காமல் சுவரில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டாள். சுவருக்குப் பக்கத்தில் முடிவுக் கோடு போட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கூப்பிடுகிறவரே ஓடி வருகிறவரைக் கட்டிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று சங்கத்தில் ஒரு பாதுகாப்பு விதி வந்தது.

போன மாதம் கெங்கம்மாள் என்னைத் தேடி வந்தாள். பயிற்சியில் செயலாளர் சார் பிடித்தால் விடுவதில்லை, கை எங்கெங்கோ போகிறது என்றாள். நீ விழாமல் இருக்கத்தானே பிடிக்கிறார், ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள் என்றேன். அப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது?

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாவம், திசை தெரியவில்லை என்றார்கள்.

விதியாவது மண்ணாவது.

“கெங்கம்மா, இந்தாண்ட வா!” என்று கத்தினேன்.

திரும்பினாள். அப்படி ஓர் ஓட்டத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கையை நீட்டலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. என் குரல் கிட்டத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தாள். எனக்கு இரண்டடி முன்னால் தானாகவே நின்றாள்.

நடுவர் அவள் பெயருக்கு நேராக ‘திசை தவறினார்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாதுகாப்பு விதியைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான். எழுதுவதற்கு முன்னால், உங்களால் நீங்களாகவே நிற்க முடியாதா என்று ஓடுகிறவர்களில் ஒருத்தியிடம்கூட நான் கேட்கவில்லை.