கோச்சடைக்குத் திரும்பிய வண்டி

மதுரைக் கோர்ட்டுக் கூண்டில் கைகட்டி நிற்கிறார் கோச்சடை கருத்தக்கண்ணன். வெற்றிலைக்கடை சேக் இஸ்மாயிலின் மாட்டுவண்டியைத் திருடியதாக வழக்கு. சன்னல் வெயில் அவருடைய வெற்றுத் தோளில் கிடக்கிறது. “இவருக்கு நான் வித்த மாடுக, எசமான். கடைவாசல்ல ஆளில்லாம நின்னதுக, வண்டியோட என் வீட்டுக்கே வந்துருச்சுக. தண்ணி காட்டிட்டு, ஒப்படைக்கத்தான் திருப்பி ஓட்டிட்டுப் போனேன். பாதி வழியில போலீசு பிடிச்சிருச்சு.” சர்க்கார் வக்கீல் சிரிக்கிறார். “மாடு தானா வீடு தேடி வந்துச்சாக்கும்?”  கருத்தக்கண்ணன் கத்தியே விடுகிறார்: “என் செவலைக்கும் மயிலைக்கும் அம்புட்டு வழியும் தெரியும், எசமான்!” வெளியே வேப்பமரத்தடியில், வழக்குச் சாட்சியாக மாட்டோடு நிறுத்தியிருக்கும் வண்டியின் சலங்கை அந்தக் குரலுக்குக் குலுங்குகிறது. “ஏய், நில்லு!” என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பின்னால் ஓடுகிறார். கோர்ட்டுக்குள் நின்ற இஸ்மாயில் தலை குனிகிறார். நுகத்தடியோடு மாடுகள் கோர்ட்டுப் படியில் வந்து நிற்கின்றன. வண்டியில் யாருமில்லை.