சூடு போதவில்லை

பல் டாக்டரின் மனைவி கொண்டுவந்து நிறுத்திய கார், மெக்கானிக்கை விட வயதில் மூத்தது. உருண்டை முதுகு, பின்பக்கம் இஞ்சின், கண்ணாடி மாதிரி பெயின்ட். ஒரே ஒரு குறைதான்.

“ஹீட்டர் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். இந்தக் குளிர்ல காலையில வண்டியை எடுத்தா காலெல்லாம் மரத்துப் போகுது. எங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கினது. வேண்டாம்னும் சொல்ல முடியல.”

மெக்கானிக் காருக்கடியில் நுழைந்து டார்ச் அடித்தார்.

“புகை போற குழாயைச் சுத்தி ஒரு தகரக் கூடு இருக்கும்மா. காத்து அதுக்குள்ள புகுந்து, சூடாகி, உள்ள வரணும். கூடு இத்துப்போச்சு. நீங்க ரோட்டுக்குத்தான் ஹீட்டர் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“அந்தப் புகைக் குழாயிலயே ஓட்டை விழுந்தா?”

“புகையும் சேர்ந்து உள்ள வரும்.”

“வாசனை காட்டிக் கொடுத்துடாதா?”

“பழைய வண்டியில எப்பவும் ஒரு பெட்ரோல் வாசனை இருக்கும். யாருக்கு வித்தியாசம் தெரியப் போகுது? முதல்ல தலைவலி. அப்புறம் தூக்கம். கண்ணாடியெல்லாம் ஏத்தியிருந்தா அந்தத் தூக்கத்துலயே ஆள் போயிடலாம்.”

பேச்சுவாக்கில்தான் சொன்னார். அந்த அம்மாள் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ரத்தத்தைச் சோதிச்சா தெரிஞ்சிடுமா?”

மெக்கானிக் காருக்கடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார்.

“அதெல்லாம் எனக்கெப்படிம்மா தெரியும்?”

“சும்மா கேட்டேன். கழட்டுற பழைய குழாயை எடைக்குப் போட்டுடாதீங்க. நாளைக்கு நானே வந்து வாங்கிக்கிறேன். ஒண்ணு மட்டும், நாம பேசினது அவர் காதுக்குப் போக வேண்டாம்.”

அவள் போன பிறகும் மெக்கானிக்குக்குக் கை ஓடவில்லை. இஞ்சின் இருமுவதைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுகிறவர் அவர். மனிதர்களையும் அதே மாதிரி கணித்துவிட முடியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கூட்டைப் பிரித்தார். உள்ளே குழாயின் மேல்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஓர் ஓட்டை. துரு தின்றால் ஓரம் பிய்ந்து, பொரிந்து கிடக்கும். இது உருண்டையாக, சுத்தமாக, ட்ரில் வைத்துப் போட்டது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓட்டை போட்டாயிற்று. ஆனால் ஹீட்டர் சவலையாக இருப்பதால் உள்ளே போகிற புகை ஆளைக் கொல்லப் போதவில்லை. அதைத்தான் அந்த மகராசி ‘சூடு போதவில்லை’ என்று வந்து சொல்லியிருக்கிறாள்!

பாவம் டாக்டர். சமீபத்தில் மெக்கானிக்கின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் அவர்தான். ஊசி குத்தியதே தெரியவில்லை. அவ்வளவு பூப்போன்ற கை. அந்த மனிதருக்கா இந்தக் கதி?

மெக்கானிக் புதுக் குழாய் போட்டார். புதுக் கூடு மாட்டினார். காற்று வரும் ரப்பர் குழாய்களையும் மாற்றி, இடுக்கெல்லாம் கம்பளித் துணி வைத்து அடைத்தார். இஞ்சினைப் போட்டுப் பார்த்ததில் உள்ளே கதகதவென்று இருந்தது. புகை ஒரு பொட்டுக்கூட இல்லை.

போலீஸுக்குப் போகலாம்தான். போனால் ஒரு குடும்பம் சந்தி சிரிக்கும். என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதே டாக்சி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் சாட்சாத் டாக்டரேதான்.

“ஹீட்டர் வேலையெல்லாம் வேண்டாங்க,” என்றார் அவசரமாக. “அவ ஏதாவது சொல்லியிருப்பா. வண்டி இருந்தபடியே இருக்கட்டும்.”

“சார், கொஞ்சம் இப்படி வாங்க.”

மெக்கானிக் அவரைப் பட்டறையின் பின்பக்கம் அழைத்துப்போய், ஒன்று விடாமல் சொன்னார். ஓட்டை, தலைவலி, தூக்கம், ரத்தப் பரிசோதனை, எல்லாவற்றையும். கேட்கக் கேட்க டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அங்கே கிடந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கட்டின மனைவியைப் பற்றி இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கால் நிற்கும்?

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“மூச்சு விடல சார்.”

“அந்தக் குழாய் எங்க?”

மெக்கானிக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு கோணிப்பையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இது என்கிட்டயே இருக்கட்டும். பெரிய உதவி பண்ணியிருக்கீங்க. மறக்க மாட்டேன்.”

“உசிரை விட என்ன சார் பெரிசு? வண்டியை எடுத்துட்டுப் போறீங்களா?”

“வேண்டாம், அவளே வந்து எடுத்துக்கட்டும். நான் இங்க வந்ததே அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

டாக்சி போன திசையைப் பார்த்து மெக்கானிக் பெருமூச்சு விட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று சாப்பாடு கூட ஒரு பிடி அதிகமாக இறங்கியது.

மறுநாள் காலையில் டாக்டரின் மனைவி வந்தாள். கூடவே ஓர் இன்ஸ்பெக்டர். ‘டாக்டர் சுறுசுறுப்புதான், அதற்குள் புகார் கொடுத்துவிட்டாரே’ என்று மெக்கானிக் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

“கழட்டின பழைய குழாய் எங்க?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். “இந்தக் கேஸுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.”

“டாக்டர் கையிலயே பத்திரமா கொடுத்துட்டேன் சார். அவர் உயிருக்கு ஆபத்துன்னு எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மாள் கார்க் கதவைப் பிடித்தபடி மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள்.

“அவருக்கு எப்படிங்க ஆபத்து வரும்? அவருக்குக் கார் ஓட்டவே தெரியாதே!”